75 என்ற எண் எந்தப் பக்கம்? சர்க்கரை நோய்ப் பிரிவின் தர அறிக்கைக்காக ஆய்வக அலகுகளை மாற்றிய அனுபவம்

எங்கள் மருத்துவமனையின் சர்க்கரை நோய்ப் பிரிவு காலாண்டுக்கு ஒருமுறை தயாரிக்கும் தர அறிக்கை, செவிலியர் கையால் எழுதிவரும் பதிவேட்டோடு இந்த முறைதான் ஒரு நோயாளிகூட மாறாமல் பொருந்தியது. இதற்கு முந்தைய வேறுபாடுகள் எல்லாவற்றையும் தோண்டிப் பார்த்ததில், ஏறக்குறைய எல்லாமே அலகு மாற்றத்தில் போய் முடிந்தன. மருத்துவமனைத் தரப் பிரிவுகளில் இதே வேலையைச் செய்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், எந்த வரிசையில் செய்தோம், எந்த வழிகள் பயன்படவில்லை, கடைசியில் எது நின்றது என்பதை எழுதி வைக்கிறேன்.

நாங்கள் இருப்பது திருச்சி. தஞ்சை, புதுக்கோட்டை வட்டாரங்களிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போனவர்கள் விடுப்பில் வரும்போது அங்கே எடுத்த இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையோடு கொண்டு வருகிறார்கள். இங்குள்ள ஆய்வகங்கள் குளுக்கோஸையும் கொழுப்பையும் மி.கி./டெ.லி. (டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) அலகில் தருகின்றன, அங்கே அவை மில்லிமோல்/லிட்டர், சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் மைக்ரோமோல்/லிட்டர். பிள்ளைகளோடு இங்கிலாந்தில் சில மாதங்கள் தங்கித் திரும்பும் பெற்றோர் கொண்டுவரும் அறிக்கையில் ஹெச்பிஏ1சி விழுக்காட்டில் இருக்காது. அங்கே 2009 ஜூன் முதல் இரண்டு அலகுகளிலும் அச்சிட்டு, 2011 அக்டோபர் முதல் மில்லிமோல்/மோலில் மட்டுமே தருகிறார்கள். ஹெச்பிஏ1சி ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை என்பதால், போன மாதம் எடுத்தவரிடம் அலகு வேறு என்ற ஒரே காரணத்துக்காக மறுபடியும் சில நூறு ரூபாய் செலவழிக்கச் சொல்வது நியாயமில்லை என்று மருத்துவர்கள் உறுதியாகச் சொன்னார்கள். ஆகவே வெளி அறிக்கைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது.

அறிக்கையில் நாங்கள் தரும் குறிகாட்டிகள் இவை: ஹெச்பிஏ1சி 9.0 விழுக்காட்டைத் தாண்டியவர்களின் பங்கு (அமெரிக்கத் தரக் குறிகாட்டிகளில் உள்ள அதே எல்லை), எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு 100 மி.கி./டெ.லி.க்குக் கீழே இருப்பவர்கள், இதய நோயும் உள்ளவர்களில் 70-க்குக் கீழே இருப்பவர்கள், சிறுநீரக வடிகட்டு வீதம் 60-க்குக் குறைந்தவர்கள், சிறுநீர் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் (ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு அல்புமின் என்ற புரதம் எத்தனை மில்லிகிராம்) 30 மி.கி./கி. அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள், புதிதாகச் சேர்ந்தவர்களிடம் ஆறு மாதத்தில் ஹெச்பிஏ1சி சராசரியாக எவ்வளவு குறைந்தது என்பது.

கருவி என்று பார்த்தால் லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருள், ஒரு மேசைக் கணிப்பான், சுவரில் ஒட்டிய ஒரு தாள் ஆகியவைதாம். மென்பொருளுக்குச் செலவில்லை. பதிவுப் பணியாளர் ஒருவரின் பிற்பகல் நேரம்தான் உண்மையான செலவு, அது சிறிய செலவும் அல்ல.

முதலில் எடுத்த வழி எளிமையானது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு பெருக்கு எண்ணை அட்டவணையில் வைத்து, எந்த மதிப்பு வந்தாலும் உள்ளூர் அலகுக்கு மாற்றி ஒரே நிரலில் சேர்ப்பது. மில்லிமோலில் வந்த குளுக்கோஸை 18.016 ஆல் பெருக்க வேண்டும், கொலஸ்ட்ராலை 38.67 ஆல், டிரைகிளிசரைடை 88.57 ஆல், மைக்ரோமோலில் வந்த கிரியாட்டினினை 88.4 ஆல் வகுக்க வேண்டும். மூலக்கூறு எடை வேறுபடுவதால் எண்ணும் வேறுபடுகிறது, அவ்வளவுதான். ஆனால் கொழுப்புப் பரிசோதனைகள் எல்லாம் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக வருவதால், கொலஸ்ட்ராலின் எண்ணையே டிரைகிளிசரைடுக்கும் இழுத்துவிடும் ஆபத்து நிறைய உண்டு. 2.0 மில்லிமோல் டிரைகிளிசரைடு என்பது 177 மி.கி./டெ.லி.; தவறான எண்ணால் பெருக்கினால் 77 வரும். இரண்டுமே மனிதருக்கு இருக்கக்கூடிய மதிப்புகள் என்பதால் வரம்புச் சோதனை எதுவும் இதைப் பிடிக்காது. யூரியாவும் இதே போலத்தான். சில ஆய்வகங்கள் இரத்த யூரியாவையும் சில யூரியா நைட்ரஜனையும் தருகின்றன. அலகு இரண்டிலும் மி.கி./டெ.லி.தான், ஆனால் முதலாவது இரண்டாவதைப் போல 2.14 மடங்கு. அலகு ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்று என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்காக, பரிசோதனையின் பெயரையும் அலகையும் சேர்த்த இணையையே தேடுசொல்லாக மாற்றினோம்.

ஹெச்பிஏ1சி இந்த அட்டவணைக்குள் அடங்கவே இல்லை. மில்லிமோல்/மோல் மதிப்பை 0.09148 ஆல் பெருக்கி 2.152 கூட்டினால்தான் விழுக்காடு வரும், எதிர்த்திசையில் 10.93 ஆல் பெருக்கி 23.50 கழிக்க வேண்டும். இதற்காக எல்லாப் பரிசோதனைக்கும் பெருக்கு எண் ஒன்று, கூட்டு எண் ஒன்று என இரண்டு நிரல்களாக வைத்தோம். மற்றவற்றுக்குக் கூட்டு எண் சுழியம்.

அடுத்து அலகின் எழுத்து வடிவம். இங்கு நாங்கள் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு நேரம் போனது. நம் ஊர் ஆய்வகங்களில் மி.கி./டெ.லி. என்பதை மி.கி. விழுக்காடு என்றும், 100 மில்லிக்கு இத்தனை மி.கி. என்றும், பன்மை விகுதி சேர்த்தும் அச்சிடும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. ஹீமோகுளோபினுக்குக் கிராம் விழுக்காடு. விழுக்காட்டுக் குறி இருந்தால் ஹெச்பிஏ1சியின் அலகு என்று நாங்கள் முதலில் எழுதிய சூத்திரம், மி.கி. விழுக்காட்டில் வந்த சராசரிக் குளுக்கோஸ் மதிப்பீட்டையும் வாரி எடுத்துக்கொண்டது. அந்த மதிப்பீடு அறிக்கைத் தாளில் ஹெச்பிஏ1சிக்கு நேர் கீழேயே அச்சாகும். 212 என்ற எண் ஹெச்பிஏ1சி நிரலில் உட்கார்ந்திருந்ததால் உடனே தெரிந்தது. எழுத்தின் ஒரு பகுதியைத் தேடும் சூத்திரங்களைக் கைவிட்டு, இதுவரை கண்ட எல்லா வடிவங்களையும் இடப்பக்கமும் எங்கள் நிலையான வடிவத்தை வலப்பக்கமும் வைத்த ஒரு பட்டியலை உருவாக்கினோம். பட்டியலில் இல்லாத வடிவம் வந்தால் கணக்கு நின்றுவிட வேண்டும், ஊகிக்கக் கூடாது.

மைக்ரோ குறியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யூனிகோடில் மைக்ரோ குறிக்கு 181 என்ற எண்ணும், பார்வைக்கு அதே போல இருக்கும் கிரேக்க மியூ எழுத்துக்கு 956 என்ற எண்ணும் இருப்பதால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு அலகுகள் கணினிக்கு வேறு வேறு. இரண்டையும் பட்டியலில் சேர்த்துவிட்டால் அது தீர்ந்துவிடும். தீராதது, வருடிய தாளிலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள் மைக்ரோவை மில்லி என்று படித்துவிடுவது. அப்படிப் படித்தால் கிரியாட்டினின் ஆயிரம் மடங்கு பெருகும். கிரியாட்டினினோடு மில்லிமோல்/லிட்டர் என்ற அலகு வந்தால் ஏற்கவே கூடாது என்று ஒரு விதி வைத்து, அந்தத் தாளை மனிதர் ஒருவர் கண்ணால் பார்க்கும்படி செய்தோம்.

அலகே அச்சாகாத தாள்களும் வந்தன. மதிப்பின் அளவைக் கொண்டு அலகை ஊகிக்கலாமா என்று ஒவ்வொரு பரிசோதனையாக எழுதிப் பார்த்தோம். ஹெச்பிஏ1சியில் ஊகிக்க இடம் உண்டு: 18 விழுக்காடு என்பதே 173 மில்லிமோல்/மோல், மறுபக்கம் 20 மில்லிமோல்/மோல் என்பது 4 விழுக்காட்டுக்கும் சற்றுக் கீழே; ஆகவே நடைமுறையில் இரண்டு அலகுகளின் எண்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதில்லை. பெரியவர்களின் கிரியாட்டினினிலும் எல்டிஎல்லிலும் அப்படியே. குளுக்கோஸில் முடியாது. 28 என்று மட்டும் ஒரு தாளில் இருந்தால், மி.கி. அலகில் அது உயிருக்கு ஆபத்தான தாழ்சர்க்கரை, மில்லிமோலில் 500-ஐத் தாண்டிய உயர்சர்க்கரை. டிரைகிளிசரைடிலும் இதே சிக்கல். இவை இரண்டுக்கும் அலகு இல்லாத மதிப்பை அறிக்கையில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தோம். நோயாளியைத் தொலைபேசியில் கேட்டுத் தாளின் முழுப் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது.

இவ்வளவும் முடித்து முதல் அறிக்கையை எடுத்தபோது, பதிவேட்டைப் பராமரிக்கும் செவிலியர் ஒரு பெயரைக் காட்டி, "சார், என் பதிவேட்டில் இவர் 9-ஐத் தாண்டவில்லை, உங்கள் கணக்கில் மட்டும் தாண்டியிருக்கிறாரே, எப்படி?" என்று கேட்டார். திரையில் அந்த நோயாளியின் வரிசையில் 9.0 என்றுதான் இருந்தது. அடுத்த கட்டத்தில், 9-க்கு மேல் என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று இருந்தது. ஒரே வரிசையில் இரண்டு கட்டங்கள் ஒன்றையொன்று மறுத்தன.

அந்த நோயாளியின் தாளில் இருந்த மதிப்பு 75 மில்லிமோல்/மோல். 0.09148 ஆல் பெருக்கினால் 6.861, அதோடு 2.152 சேர்த்தால் 9.013. கட்டத்தை ஒரு தசம இடம் மட்டும் காட்டும்படி அமைத்திருந்ததால் திரையில் 9.0 என்று தெரிந்தது. ஆனால் கால்க் ஒப்பிடும்போது உள்ளே இருக்கும் 9.013-ஐத்தான் எடுத்துக்கொள்ளும். திரையில் தெரியும் அளவையே கணக்குக்கும் எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஒரு தேர்வு அதன் அமைப்புகளில் உண்டு. ஆனால் அது கோப்பு முழுவதையும் பாதிக்கும் என்பதால், சிறுநீரகக் கணக்குக்குத் தேவையான நுட்பமான இலக்கங்களும் போய்விடும். அதைத் தொடவில்லை.

எது சரி என்பதை முடிவு செய்ய, அளவின் நுட்பத்தைப் பார்த்தோம். ஆய்வகம் 75 என்று முழு எண்ணாகத் தரும்போது உண்மை மதிப்பு 74.5-க்கும் 75.5-க்கும் இடையே எங்கோ இருக்கிறது. விழுக்காட்டில் அது 8.97 முதல் 9.06 வரை. உள்ளூர் ஆய்வகம் 9.0 என்று தரும்போது அது 8.95 முதல் 9.05 வரை. இரண்டும் ஏறக்குறைய ஒரே இடைவெளி. உள்ளூர்த் தாளில் 9.0 உள்ளவரை எல்லைக்குள் வைத்து, 75 உள்ளவரை வெளியே தள்ளினால், ஒரே நிலையில் இருக்கும் இரண்டு நோயாளிகளில் ஒருவரை வெளிநாட்டில் பரிசோதித்துக்கொண்டார் என்பதற்காகவே தோல்விப் பட்டியலில் சேர்க்கிறோம் என்று பொருள். ஆகவே ஹெச்பிஏ1சியை மாற்றியவுடன் ரவுண்ட் சார்பால் ஒரு தசம இடத்துக்குத் திருத்தி, அதன் பிறகே எல்லையோடு ஒப்பிட வேண்டும் என்ற விதியை எழுதினோம். 75 உள்ளே, 76 (அதாவது 9.1) வெளியே. இந்த விதியை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அச்சிடுகிறோம், ஏனென்றால் விதி தெரியாமல் இரண்டு மருத்துவமனைகளின் விழுக்காடுகளை ஒப்பிடுவது வீண்.

அதே கேள்வியை எல்டிஎல்லிடம் கேட்டபோது வேறு விதமான பதில் வந்தது. வழிகாட்டுதல்கள் 100 மி.கி.க்கு இணையாக 2.6 மில்லிமோலையும், 70-க்கு இணையாக 1.8-ஐயும் தருகின்றன. இவை துல்லியமான சமன்கள் அல்ல, மருத்துவர் நினைவில் வைக்க ஏற்றபடி சுருக்கியவை. சிங்கப்பூர்த் தாளில் 2.59 உள்ளவர் 2.6-க்குக் கீழே இருப்பதால் இலக்கை அடைந்தவர், மாற்றினால் 100.2 வருவதால் அடையாதவர். 1.80 உள்ளவர் 1.8-க்குக் கீழே இல்லாததால் அடையாதவர், மாற்றினால் 69.6 என்பதால் அடைந்தவர். ஒரே பரிசோதனையில் இரண்டு எல்லைகளும் எதிரெதிர்த் திசையில் பிசகுகின்றன, எந்தத் தசமத் திருத்தமும் இரண்டையும் ஒருசேரச் சரிசெய்யாது. அந்த நோயாளியின் மருத்துவர் அங்கே மில்லிமோல் எல்லையைப் பார்த்துத்தான் மாத்திரையின் அளவை முடிவு செய்திருப்பார் என்பதையும் யோசித்து, எல்டிஎல்லில் மதிப்பை மாற்றுவதையே நிறுத்தினோம். தாளில் எந்த அலகு உள்ளதோ அந்த அலகுக்கு வெளியிடப்பட்ட எல்லையோடுதான் ஒப்பீடு. அட்டவணையில் ஒவ்வொரு குறிகாட்டிக்கும் அலகுவாரியாக எல்லைகளை எழுதியதும், மாற்றமே தேவைப்படாத வரிசைகள்தாம் அதிகம் என்று தெரிந்தது.

சிறுநீர் அல்புமின் விகிதத்திலும் இதே வழிதான். 1 மி.கி./மில்லிமோல் என்பது 8.84 மி.கி./கி. சிறுநீரக நோய்க்கான கேடிகோ வழிகாட்டுதல் 30 மி.கி./கி. என்ற எல்லைக்கு இணையாக 3 மி.கி./மில்லிமோல் என்கிறது, கணக்குப்படி 30-க்கு இணை 3.4. 3.2 உள்ளவரை மாற்றினால் 28.3 ஆகி இயல்பானவர் ஆகிவிடுவார், மாற்றாமல் பார்த்தால் அல்புமின் கசிவு தொடங்கியவர். ஆரம்பக் கட்டத்தில் பிடிக்கத்தான் இந்தப் பரிசோதனையே எடுக்கிறோம் என்பதால், அவரைத் தவறவிடும் கணக்கை நான் ஏற்க மாட்டேன்.

கிரியாட்டினினில் மட்டும் மாற்றம் தவிர்க்க முடியாதது, ஏனென்றால் வடிகட்டு வீதத்துக்கு நாங்கள் பயன்படுத்தும் 2021 ஆம் ஆண்டு சிகேடி-எபி சூத்திரத்தை மி.கி./டெ.லி. அலகுக்கே அட்டவணையில் எழுதியிருக்கிறோம். மைக்ரோமோல் மதிப்பை மாற்றாமலே உள்ளே போட்டால் விடை 1-க்கும் கீழே இறங்குவதால் அந்தப் பிழை தானாகவே வெளிப்படும். வெளிப்படாதது, மாற்றிய பிறகு ஒரு தசமத்துக்குத் திருத்துவது. 58 வயது ஆண், கிரியாட்டினின் 120 மைக்ரோமோல் என்று வைத்துக்கொள்வோம். 88.4 ஆல் வகுத்தால் 1.3575, அப்படியே சூத்திரத்தில் போட்டால் வடிகட்டு வீதம் 60.5. உள்ளூர்த் தாளைப் போல 1.4 என்று திருத்திவிட்டுப் போட்டால் 58.3. முதலாவதில் அவர் 60 என்ற எல்லைக்கு மேலே, இரண்டாவதில் கீழே. ஹெச்பிஏ1சிக்குத் திருத்திவிட்டு ஒப்பிடு என்று எழுதிய அதே தாளில், கிரியாட்டினினுக்குக் கடைசி விடை வரும் வரை திருத்தாதே என்று எழுத வேண்டியிருந்தது. முரண்போலத் தெரிந்தாலும் காரணம் தெளிவு: அங்கே மாற்றிய மதிப்பே முடிவு, இங்கே அது இடைநிலைப் படி.

கடைசியாகச் சிக்கியது சராசரி இறக்கம். ஒரு நோயாளிக்கு ஹெச்பிஏ1சி 1.2 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது என்றால், மில்லிமோல்/மோலில் அது 13.1. மாற்றுச் சூத்திரத்தை அந்த 1.2 மீதே போட்டால் 23.50 கழிபட்டு விடை கழித்தல் 10.4 என்று வரும். சர்க்கரை கூடிவிட்டது போல அறிக்கை சொல்லும். வித்தியாசத்தையும் திட்ட விலக்கத்தையும் பெருக்கு எண்ணால் மட்டும் பெருக்க வேண்டும், கூட்டு எண்ணைத் தொடக் கூடாது. இரண்டு அளவுகளையும் தனித்தனியே விழுக்காட்டுக்கு மாற்றி, பிறகு கழிப்பதே பாதுகாப்பான வழி. இப்போது அட்டவணையில் அப்படித்தான் இருக்கிறது.

சரிபார்ப்புக்கு, மேலே சொன்ன எல்லை மதிப்புகள் அனைத்தையும் கற்பனை நோயாளிகளின் வரிசைகளாக ஒரு தனிப் பக்கத்தில் வைத்து, எதிர்பார்க்கும் விடையைப் பக்கத்தில் கையால் எழுதியிருக்கிறோம்: 74, 75, 76, 2.59, 2.60, 1.79, 1.80, 3.2, 120. சூத்திரத்தில் எதைத் தொட்டாலும் முதலில் இந்தப் பக்கம் முழுவதும் பச்சையாக வர வேண்டும். அதோடு, கருவியின் மேல் எல்லையைத் தாண்டியதால் 14-க்கு மேல் என்று குறியோடு வரும் ஹெச்பிஏ1சி மதிப்புகளுக்கும் ஒரு வரிசை சேர்த்தோம். குறி இருப்பதால் கால்க் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது, மிக மோசமான கட்டுப்பாட்டில் உள்ளவரே கணக்கிலிருந்து மறைந்துவிடுவார். குறிக்குத் தனி நிரல், எண்ணுக்குத் தனி நிரல் என்று பிரித்தவுடன் அது சரியானது.

மறுபடி தொடக்கத்திலிருந்து செய்வதானால் இரண்டை மாற்றுவேன். தாளில் அச்சான மதிப்பையும் அலகையும் எழுத்துப் பிசகாமல் அப்படியே வைக்கும் நிரல்களை முதல் நாளிலேயே பூட்டி வைப்பேன். தொடக்கத்தில் மாற்றிய மதிப்பை மட்டும் வைத்திருந்த வரிசைகளுக்காக, பழைய தாள்களைக் கட்டுக் கட்டாக மறுபடியும் எடுத்துப் பார்க்க நேர்ந்தது. அடுத்து, பரிசோதனைகளுக்கு நாங்களே பெயர் வைக்காமல், ஆய்வகப் பரிசோதனைகளுக்கான பொதுவான குறியீட்டு முறையான லாயின்க்கின் குறியீடுகளைப் பயன்படுத்துவேன். அதில் விழுக்காட்டு ஹெச்பிஏ1சிக்கு 4548-4, மில்லிமோல்/மோலுக்கு 59261-8 என்று தனித்தனி எண்கள் இருப்பதால், அலகைப் பற்றிய பாதிக் கேள்விகள் பதிவு செய்யும் இடத்திலேயே முடிந்துவிடும். பதிவு செய்துகொண்டால் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அடுத்த காலாண்டுக்கு முன் உள்ளூர் ஆய்வகங்களிடம் தாளுக்குப் பதிலாக இந்தக் குறியீடுகளோடு கூடிய கோப்பாகவே முடிவுகளைத் தரக் கேட்டிருக்கிறோம். ஓர் ஆய்வகம் ஒப்புக்கொண்டு மாதிரிக் கோப்பை அனுப்பியிருக்கிறது. அதில் மைக்ரோ குறி 956 ஆக வந்திருந்தது, பட்டியலில் ஏற்கெனவே இருந்ததால் கணக்கு நிற்காமல் ஓடியது.